காலாலை அடிச்ச சம்மட்டி

உண்மையைச் சொன்னால் இதை எழுதாமல் விடத்தான் இருந்தனான். சம்மட்டி பிடிச்சால் எனக்குக் கை உளையாது, பேனை பிடிச்சால் நாலு வரியிலை உளையும். எட்டாம் வகுப்பிலை பள்ளிக்கூடம் என்னை விட்டுதோ நான் பள்ளிக்கூடத்தை விட்டனோ எண்டது எங்கடை வீட்டிலை இன்னும் தீராத வழக்கு. பேந்து ஏன் எழுதிறன் எண்டால், போன கிழமை தேத்தண்ணிக் கடையிலை ஒரு பெடியன், எங்கடை பட்டறையிலை நிக்கிற யந்திரச் சம்மட்டி கொழும்பிலையிருந்து புதிசாய் இறக்கினது எண்டு சொல்லிக்கொண்டு இருந்தான். புதிசாம்! எனக்குக் குடிச்ச தேத்தண்ணி மூக்காலை வந்துது. அந்த இரும்புக்குள்ளையிருந்து நான் சுரண்டி எடுத்த கோழிப்பீ எவ்வளவெண்டு எனக்குத்தான் தெரியும்.

எங்கடை வீடு தீவுக்குள்ளை, இறுப்பிட்டியிலை. வளவுக்குள்ளை, குசினிக்குப் பக்கத்திலை, ஒரு கிடுகுக் கொட்டில். அதுதான் பட்டறை. அக்காவின்ரை மனுசன், என்ரை அத்தான், அதிலை கொல்லவேலை செய்யிறவர். இரும்போடை நல்லாய்க் கதைப்பார், மனுசரோடை கதைக்கிறது குறைவு. என்னோடை கதைக்கிறது அதிலையும் குறைவு. ஏனெண்டால் நான் அவருக்குச் சம்மட்டி அடிக்கிறவன், எங்களுக்குக் கதை தேவையில்லை.

அது எப்பிடியெண்டு சொல்லுறன். அத்தான் ஒரு கையிலை குறட்டாலை பழுத்த இரும்பைப் பிடிச்சுக்கொண்டு, மற்றக் கையிலை ஒரு சின்னச் சுத்தியலோடை நிப்பார். நான் எதிரிலை பெரிய சம்மட்டியோடை நிப்பன். அவர் சின்னச் சுத்தியலாலை இரும்பிலை எந்த இடத்திலை தட்டுறாரோ, அந்த இடத்திலை நான் போட வேணும். மெல்லத் தட்டினால் மெல்ல. ஓங்கித் தட்டினால் ஓங்கி. இரும்பை விட்டிட்டு, அதை வைச்சு அடிக்கிற அடைகல்லிலை வெறுமனே 'டிங்' எண்டு தட்டினால், நிப்பாட்டு. காலமையிலையிருந்து பின்னேரம் மட்டும் இப்பிடித்தான். அக்கா சொல்லுவா, "உங்கள் ரெண்டு பேருக்கும் நாக்கு என்னத்துக்கு? அறுத்துத் தாங்கோ, குழம்புக்குப் போடுவம்."

முந்திச் சம்மட்டிக்கு ரெண்டு பேர் நிண்டனாங்கள். மற்றவர் அத்தான்ரை தம்பியார். ஆள் நல்ல உடம்பு, நல்ல அடி. ஒரு நாள் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு ஜேர்மனிக்குப் போட்டார். மிஞ்சினது நான். என்ரை நெஞ்சைப் பாத்து என்ரை சிநேகிதன், "மச்சான், உன்னை நாலு இடத்திலை நட்டுக் கிடுகு கட்டினால் வேலி" எண்டுவான். பாளைக் கத்தி, அரிவாள் இதுகளுக்கு நான் ஒருத்தன் காணும். ஆனால் எங்கடை தீவிலை கிணறு வெட்டுறதெண்டால் கல்லைத்தான் வெட்ட வேணும், கல்லுக் கிண்டுற அலவாங்கு ஒரு நாளிலை மழுங்கிப்போம். அலவாங்கு, கலப்பைக் கொழு எல்லாம் ரெண்டு சம்மட்டி வேலை. நான் தனிய அடிக்க, பாதியிலை இரும்பு ஆறிப்போம். அப்பிடி ஒவ்வொரு வேலையாய் வேறை பட்டறையளுக்குப் போகத் துவங்கிச்சுது.

அந்த நேரத்திலைதான் லோஞ்சுக்காறர் வந்தவர். குறிகட்டுவான் துறையிலையிருந்து நயினாதீவுக்குக் கடலாலை சனம் ஏத்தி ஓடுற லோஞ்சு ஒண்டுக்குச் சொந்தக்காறர். நான் சொன்ன சிநேகிதன் அந்த லோஞ்சிலைதான் வேலை. கயிறு எறியிறது, சனத்தைக் கை பிடிச்சு ஏத்திறது, வடிவான பிள்ளையளெண்டால் கொஞ்சம் கூட நேரம் பிடிச்சு ஏத்திறது.

"நங்கூரத்தின்ரை கை ஒண்டு ஒட்டிலை முறிஞ்சு கடலுக்குள்ளை போட்டுது" எண்டார் லோஞ்சுக்காறர். "ஆனியிலை அம்மன்ரை திருவிழா. சோளகக் காத்து அடிக்கிற நேரம். நல்ல நங்கூரம் இல்லாமல் நான் சனத்தை ஏத்தன். புதிசு ஒண்டு அடிக்க உம்மாலை ஏலுமோ?"

அத்தான் என்னைப் பாத்தார். நான் என்ரை கையைப் பாத்தன்.

"ஏலாதெண்டால் இப்பவே சொல்லும். இந்தச் சண்டைக்குள்ளை பண்ணைப் பாலத்தாலை போறது வில்லங்கம்தான், எண்டாலும் எப்பிடியாவது ரவுணிலை குடுத்துச் செய்விப்பன்."

"ரெண்டு நாள் தாங்கோ ஐயா, சொல்லுறன்."

அண்டைக்குப் பின்னேரம் அத்தான் அக்காவுக்குச் சொன்னது எனக்கும் கேட்டுது. சுன்னாகத்திலை ஒரு வேர்க்சொப்பிலை அவரைக் கூப்பிட்டிருக்கினம். இந்த நங்கூரமும் கையை விட்டுப் போனால், பேந்து இஞ்சை இருந்து வேலையில்லை. அடைகல்லை வித்துப்போட்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு அங்கை போய் ஆரும் ஒருத்தருக்குக் கீழை நிப்பார். அத்தான்ரை அப்பர் அடிச்ச அடைகல் அது. அக்கா ஒரு பகிடியும் விடேல்லை. அடுப்பை ஊதினபடி இருந்தவா.

எனக்கு அப்பதான் கடைக்கார மாமியின்ரை கோழி ஞாபகம் வந்துது.

கடைக்கார மாமி எங்களுக்கு நாலு வளவு தள்ளி. அவவின்ரை மனுசன் தெற்கிலை ஒரு ஊரிலை இரும்புக்கடை வைச்சிருந்தவர். ஒருக்கால் மலைநாட்டிலை ஒரு தேயிலைத் தோட்டத்து வேர்க்சொப்பை ஏலத்திலை விக்கேக்கை, அதிலை கிடந்த யந்திரச் சம்மட்டியை வாங்கி, ஏதோ ஒரு நாள் ஊரிலை தொழில் துவங்குவன் எண்டு சரக்கு வள்ளம் ஒண்டிலை ஏத்தி அனுப்பினவர். துவங்க முன்னம் மனுசன் செத்துப்போனார். மாமி எண்பத்து மூண்டு கலவரத்திலை கடை எரிஞ்சு, ரெண்டு றங்குப் பெட்டியோடை ஊருக்கு வந்தவா. சம்மட்டி அவவின்ரை புகையிலைக் கொட்டிலுக்குள்ளை, உரிமட்டைக் குவியலுக்கு நடுவிலை நிண்டுது. முட்டை வாங்கப் போகேக்கை நான் கண்டிருக்கிறன். அதின்ரை தலைக்கு மேலைதான் கோழி ஏறி இருக்கிறது.

"மாமி, உங்கடை கொட்டிலுக்குள்ளை நிக்கிற இரும்பை என்ன செய்யப் போறியள்?"

"என்னத்தைச் செய்யிறது மோனை? அதுவும் நிக்குது, நானும் நிக்கிறன்."

"அத்தானுக்குத் தாறியளோ?"

மாமி கொட்டில் பக்கம் திரும்பிப் பாத்தா. "அதை வாங்கினதுக்கு நான் அந்த மனுசனை ஏசின ஏச்சுக்கு, அது ஒரு நாளெண்டாலும் வேலை செய்யட்டும். கொண்டு போ. ஆனால் இப்ப அதுக்கு மேலை கோழி அடைகிடக்குது. குஞ்சு பொரிச்சாப் பிறகுதான் கை வைக்க வேணும். சொல்லிப்போட்டன்."

ரெண்டாம் நாள் லோஞ்சுக்காறர் வந்தார். அத்தான் வாய் திறக்க முன்னம் நான், "ஓம் ஐயா, செய்து தருவம்" எண்டிட்டன். அத்தான் சின்னச் சுத்தியலை எடுத்து வெறும் அடைகல்லிலை 'டிங்' எண்டு ஒரு தட்டுத் தட்டினார். நான் கேக்காதமாதிரி நிண்டன். லோஞ்சுக்காறர் சந்தோசமாய்ச் சைக்கிள் ஏறிப் போனார். பேந்து அத்தான் என்னைக் கலைச்சுத் துரத்தினதிலை நான் பனையிலை ஏறாதது ஒண்டுதான் குறை.

கோழி அவசரப்படேல்லை. நான் ஒவ்வொரு நாளும் போய் உரிமட்டைக் குவியலிலை ஏறி நிண்டு, "கெதியாய்ப் பொரி அம்மா, உன்ரை குண்டிக்குக் கீழை ஒரு குடும்பத்தின்ரை சீவியம் கிடக்குது" எண்டு கெஞ்சினன். அது என்னைக் கொத்திச்சுது. கடைசியிலை குஞ்சுகள் கீச்செண்டு வெளியாலை வர, மாமி கடகத்துக்குள்ளை அள்ளிக்கொண்டு போனா. நாங்கள் வடத்தோடை உள்ளுக்குப் போனம்.

வண்டில்காறர் வந்து பாத்திட்டு, தன்ரை அச்சு முறியும் எண்டு திரும்பிப் போட்டார். அதாலை பனங்குத்தியளை உருட்டுக்கட்டையாய்ப் போட்டு, மேலை பலகை வைச்சு, அதுக்கு மேலை சம்மட்டியை இருத்தி, வடம் கட்டி இழுத்தம். வடம் சிநேகிதன் லோஞ்சிலையிருந்து கொண்டு வந்தது. ஊர்ப் பெடியள் எல்லாம் கூடிட்டாங்கள். எனக்குச் சும்மா இழுக்க மனம் வரேல்லை. மாமியின்ரை வேலியிலை நிண்ட செவ்வரத்தம்பூவைப் பிடுங்கி, மாலை கட்டிச் சம்மட்டியின்ரை கழுத்திலை போட்டு, நெத்தியிலை திருநீறும் பூசிவிட்டன். பாதி வழியிலை, எதிரிலை சைக்கிளிலை வந்த ஒரு பெரியவர் இறங்கி, சால்வையை இடுப்பிலை கட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கும்பிட்டார்.

"எந்தக் கோயிலுக்குத் தம்பி?"

"குசினிக்குப் பக்கத்துக் கோயில் ஐயா."

"கும்பாபிசேகம் எப்ப?"

"சாமி ஓடினால்தான் ஐயா."

பின்னாலை தள்ளிக்கொண்டு வந்த அத்தான், "வாயை மூடிக்கொண்டு இழுடா" எண்டார்.

சாமி ஓடுறமாதிரி இல்லை. வெளிச்சத்திலை வைச்சுப் பாத்தால் ஒரே துரு. எண்டாலும் அமைப்பு லேசு. ஆளைவிட உயரமாய் ஒரு வளைஞ்ச வார்ப்பிரும்பு உடம்பு. மேலை ஒரு சில்லு. சில்லிலையிருந்து ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கிலை தொங்கிற ஒரு இரும்புத் தலை. கீழை உடம்பைச் சுத்தி அரைவட்டமாய் ஒரு மிதி. அதை ஓட்டுற மிசினிலையிருந்து வாற பட்டி தொய்ஞ்சபடி சும்மா ஓடும். மிதியை மிதிச்சால் ஒரு உருளை வந்து பட்டியை இறுக்கும், சில்லுச் சுத்தும், தலை குத்தும். கூட மிதிச்சால் கெதியாய்க் குத்தும். காலை எடுத்தால் நிக்கும். அவ்வளவுதான்.

தலை, தான் ஏறி இறங்கிற வழிக்குள்ளை இறுகிப்போய் நிண்டுது. நாள்முழுக்க மண்ணெண்ணெய் விட்டு, பனங்கொக்காரை எரிச்சுச் சூடு காட்டி, மரக்குத்தியாலை தட்டினம். ஒண்டும் அசையேல்லை. பேந்தும் மண்ணெண்ணெய், பேந்தும் சூடு. இப்பிடிப் போய், ஒரு பின்னேரம் 'கிறீச்' எண்டு ஒரு சத்தம். தலை ஒரு விரல் மொத்தம் கீழை இறங்கிச்சுது. அத்தான் சிரிச்சார். அந்த மனுசன் சிரிக்கிறதைக் கலியாண வீட்டிலை கண்டதுக்குப் பிறகு அண்டைக்குத்தான் கண்டனான். கலியாண வீட்டிலையும் படம் எடுக்கிறவர் கேட்டதாலைதான் சிரிச்சவர்.

ஸ்பிரிங் முறிஞ்சு கிடந்துது. குறிகட்டுவான் பஸ் ஒண்டின்ரை பழைய ஸ்பிரிங் தகடுகளை, கத்தி அடிக்கவெண்டு அத்தான் ஒளிச்சு வைச்சிருந்தவர். எடுத்துத் தரேக்கை, பொம்பிளைப் பிள்ளையைக் கட்டிக் குடுக்கிறமாதிரி மூஞ்சை. பட்டியை எலி திண்டிட்டுது. சிநேகிதன் பழைய பாய்த்துணியை நாலாய் மடிச்சு, கட்டுமரக்காறர் தைக்கிற ஊசியாலை ஒரு பட்டி தைச்சுத் தந்தான். வழுக்காமல் இருக்கக் குங்கிலியத் தூள் தூவினம்.

"என்ரை தையல் நிக்கும்" எண்டான் அவன். "உங்கடை சாமிதான் நிக்குமோ தெரியாது."

எண்ணெய்க்குத்தான் வில்லங்கம். கிறீஸ் ஒரு இடத்திலையும் இல்லை. சிநேகிதன் ஒரு போத்தில் சுறா எண்ணெய் கொண்டு வந்தான், வள்ளத்துக்குப் பூசுறது. நல்லாய் வழுக்கிச்சுது. ஆனால் அந்த மணத்துக்கு இறுப்பிட்டியிலை உள்ள பூனையெல்லாம் பட்டறைக்குக் குடி வந்திட்டுது. சம்மட்டியை நக்கிக்கொண்டு சுத்திவர இருக்குதுகள். அக்கா வந்து பாத்திட்டு, "சாமிக்கு அடியார் கூட்டம் துவங்கியிட்டுது" எண்டா. அக்காவுக்குப் பகிடி திரும்பி வந்திட்டுது.

ஓட்டுறதுக்கு அக்காவின்ரை வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்கிற மண்ணெண்ணெய் மிசின். காலமை வெங்காயத்துக்கு, பிறகுதான் சாமிக்கு எண்டது அவவின்ரை சட்டம்.

இனி அத்திவாரம். எங்கடை தீவிலை அரை அடி கிண்டினால் கல்லு. வேறை ஊர்க்காறர் பாவம், கல்லுப் போட்டு அத்திவாரம் கட்டுகினம், எங்களுக்குக் கடவுளே கட்டித் தந்திருக்கிறார் எண்டு, அத்தானும் நானும் பெருமையாய்ச் சம்மட்டியைக் கல்லிலை நேரை இருத்தி, கல்லைத் துளைச்சு ஆணி இறுக்கினம். மிசினை இழுத்தன். பட்டி ஓடிச்சுது. அத்தான் மிதிச்சார்.

தலை விழுந்துது. கல்லு அதிர்ந்துது. கல்லு பட்டறையோடை முடியிறதோ? அக்காவின்ரை குசினிக்குக் கீழையும் அதே கல்லுத்தான். தட்டிலையிருந்த பீங்கான் எல்லாம் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாய் இறங்கி வந்துது. பக்கத்து வளவிலை கிணத்தடியிலை முழுகிக்கொண்டு நிண்ட மனுசன், துவாயோடை வேலியாலை எட்டிப் பாத்து, "ஷெல்லடியோ? எங்கை விழுகுது?" எண்டு கத்தினார். ஆணி ரெண்டு அறுந்து கிடுகுக்கு மேலாலை பறந்துது.

"டேய்!" அக்கா அகப்பைக் காம்போடை வந்து நிண்டா. "உங்கடை யந்திரம் ஓடுதோ இல்லையோ தெரியாது, என்ரை குசினி ஓடுது!"

நாங்கள் திரும்ப எல்லாத்தையும் கழட்டினம். கல்லுக்குள்ளை இடுப்பளவுக்குக் கிடங்கு வெட்டி, வைரம் பாய்ஞ்ச பனங்குத்தியளை நிமித்தி நெருக்கமாய் நட்டு, இடையிலை மணல் இறுக்கி, அதுக்கு மேலை சம்மட்டியை ஏத்தினம். இப்ப அடி மெத்தையிலை விழுந்தமாதிரி உள்ளுக்குள்ளை போச்சுது. பீங்கான் அசையேல்லை. மிஞ்சின பீங்கானைச் சொல்லுறன்.

நாங்கள் வெண்டிட்டம் எண்டு நான் குதிச்சன். உண்மையான வில்லங்கம் அதுக்குப் பிறகுதான்.

அத்தான் ஒரு அலவாங்கைப் பழுக்கக் காய்ச்சிக் கொண்டு வந்தார். இடது கையிலை குறடு. வலது கையிலை சின்னச் சுத்தியல். யந்திரத்துக்குச் சுத்தியல் என்னத்துக்கு எண்டு கேப்பியள். சுத்தியல் இல்லாமல் அத்தான் இரும்புக்கு முன்னாலை நிக்கிறது, சாரம் இல்லாமல் சந்தையிலை நிக்கிறமாதிரி. காலை மிதியிலை வைச்சார். தலை குத்திச்சுது. நுனி வடிவாய்க் கூர்ந்து வந்துது. இனிக் காணும் எண்ட இடத்திலை, அத்தான் சின்னச் சுத்தியலாலை சம்மட்டியின்ரை உடம்பிலை 'டிங்' எண்டு தட்டினார்.

சம்மட்டி நிக்கேல்லை. கூடக் கெதியாய்க் குத்திச்சுது.

'டிங், டிங்!' எண்டார். அது பேய் பிடிச்சமாதிரிக் குத்திச்சுது. 'டிங் டிங் டிங்!' அலவாங்கு நுனி அப்பளமாய்ப் போச்சுது. நான் ஓடிப்போய் மிசினை நிப்பாட்டினன்.

இன்னொரு இரும்பு. அதுவும் அப்பளம். மூண்டாவதும் அப்பிடித்தான். அத்தான் குறட்டை எறிஞ்சார்.

"இது சொல்லுக் கேக்காத சாமான். நிப்பாட்டு எண்டுறன், கூடக் குத்துது. எனக்குக் காது உள்ள சம்மட்டிக்காறர்தான் சரி. நாளைக்குப் போய் லோஞ்சுக்காறரிட்டை ஏலாதெண்டு சொல்லிப்போடுறன். அடைகல்லுக்கும் ஆள் பாக்கிறன்."

அக்கா திரும்பிக் குசினிக்குள்ளை போட்டா. பூனையள்கூட எழும்பிப் போட்டுதுகள்.

நான் ஒரு வாளியைக் கவுட்டுப்போட்டு அதிலை இருந்தன். அத்தானுக்கு எதிரிலை அஞ்சாறு வருசம் சம்மட்டி அடிச்சவன் நான். எதிரிலை நிக்கிறவனுக்கு மனுசன்ரை முகம் தெரியாது. கையும் காலும்தான் தெரியும். அத்தான் 'டிங்' எண்டு தட்டுறதை நான் எத்தனை தரம் பாத்திருப்பன்? சும்மா தட்டமாட்டார். உடம்பை முன்னுக்குச் சரிச்சு, வலது காலை ஊண்டித்தான் தட்டுவார். அந்தக் கால்...

நான் சிரிக்கத் துவங்கினன். அடக்க ஏலேல்லை.

"என்னடா பல்லைக் காட்டுறாய்? என்ரை சீவியம் போகுது, உனக்குப் பகிடியோ?"

"அத்தான், ஒரு நிமிசம் எழும்பி நில்லுங்கோ."

குசினிக்குள்ளை ஓடிப்போய், அக்கா வாங்கி வைச்சிருந்த தக்காளிப்பழத்திலை நல்லாய்ப் பழுத்ததை எடுத்து வந்து அத்தான்ரை வலது காலுக்குக் கீழை வைச்சன்.

"இதிலை காலை மெல்ல வையுங்கோ. நசிக்க வேண்டாம். ம். இப்ப எனக்கு நிப்பாட்டெண்டு சொல்லுங்கோ."

அத்தான் என்னை விசரனைப் பாக்கிறமாதிரிப் பாத்தார். பேந்து அடைகல்லிலை 'டிங்' எண்டு தட்டினார். தக்காளி 'புளிச்' எண்டு என்ரை முகத்திலை.

"பாத்தியளோ? அது சொல்லுக் கேக்குது அத்தான். நீங்கள்தான் கையாலை நிப்பாட்டெண்டும் காலாலை குத்தெண்டும் சொல்லுறியள். அதுக்குப் பாவம், கால்தானே காது."

அத்தான் தன்ரை காலைக் குனிஞ்சு பாத்தார். முப்பது வயதுக்கு மேலை தனக்கு அப்பிடி ஒரு கால் இருக்கிறதை அண்டைக்குத்தான் கண்டமாதிரி. அக்கா வாசலிலை நிண்டு, "அது குழம்புக்கு வைச்ச தக்காளி" எண்டா. பேந்து அவவுக்கும் சிரிப்பு வந்திட்டுது.

அத்தான் காலைப் பழக்கப் பாத்தார். அடுத்த நாள் முழுக்க, இரும்பு இல்லாமல் நிண்டு 'டிங்' எண்டு தட்டுறதும், காலைத் தூக்கிறதும். சுத்தியலைத் தட்டிக்கொண்டு காலைத் தூக்கினால் விழப்பாக்கிறார். காலைத் தூக்கினால் தட்ட மறந்துபோறார். சினிமாவிலை டான்ஸ் பழகிறமாதிரி இருந்துது. சிநேகிதன் வேலியாலை பாத்திட்டு, "அத்தானுக்குச் சலங்கை கட்டி விடுங்கோவன்" எண்டான். அவனுக்கு ஒரு சிரட்டை பறந்து போச்சுது.

அப்பதான் நான் மிதியை வடிவாய்ப் பாத்தனான். அது உடம்பைச் சுத்தி அரைவட்டம். இஞ்சாலை நிண்டும் மிதிக்கலாம், அங்காலை நிண்டும் மிதிக்கலாம்.

"அத்தான், நீங்கள் ரெண்டு காலையும் நிலத்திலை வையுங்கோ. நீங்கள் சுத்தியலாலை சொல்லுங்கோ. மிதி எனக்கு. நான்தானே உங்கடை சம்மட்டிக்காறன். முந்திக் கையாலை அடிச்சன், இனிக் காலாலை அடிக்கிறன்."

அத்தான் ஒரு இரும்பைக் காய்ச்சிக் கொண்டு வந்தார். நான் எதிரிலை, எப்பவும் நிக்கிற இடத்திலை, வெறுங்கையோடை நிண்டன். அவர் இரும்பிலை மெல்லத் தட்டினார். நான் மெல்ல மிதிச்சன். தலை மெல்ல விழுந்துது. இன்னும் கொஞ்சம் ஓங்கித் தட்டினார். நான் கொஞ்சம் கூட. ஓங்கி ஓங்கித் தட்டினார். நான் மிதியிலை ஏறி நிண்டன், அந்த இரும்புத் தலை ஜேர்மனிக்குப் போன தம்பியார் நாலு பேரின்ரை பலத்தோடை இறங்கிச்சுது. இரும்பு வெண்ணெய்மாதிரி நீண்டுது. 'டிங்'. காலை எடுத்தன். நிண்டுது. ஒரு அடி கூட இல்லை, குறைய இல்லை.

அத்தான் இரும்பைத் திருப்பிப் பாத்திட்டுச் சொன்னார், "நீ கையாலை அடிச்சதைவிடக் காலாலை அடிக்கிறது திறம்." அவர் எனக்குச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அதுவும் காலுக்குத்தான்.

புது நங்கூரத்துக்கு, உடைஞ்ச லோஞ்சு ஒண்டின்ரை தண்டிரும்பை எடுத்தம். தண்டை இழுத்து, கைகளை வளைச்சு, நுனியைத் தட்டையாக்கி எல்லாம் முடிச்சாச்சு. கடைசி வேலை கையைத் தண்டோடை ஒட்டுறது. ரெண்டையும் வெள்ளைச் சூட்டுக்குக் காய்ச்சி, வெண்காரம் தூவி, ஒண்டிலை ஒண்டை வைச்சு, ஆற முன்னம் அடிச்சு ஒண்டாக்க வேணும். கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான். பழைய நங்கூரம் இந்த ஒட்டிலைதான் முறிஞ்சது. இதுக்குத்தான் முந்தி ரெண்டு சம்மட்டியும் மாறி மாறி விழ வேணும், அப்பவும் அரைவாசி நேரம் ஒட்டாது.

அக்கா துருத்தியைப் பிடிச்சா. சிநேகிதன் கொளுக்கியாலை தண்டைத் தூக்கிப் பிடிச்சான். சிரட்டைக் கரி வெள்ளையாய் எரிஞ்சுது. இரும்பிலை பொறி பறக்கத் துவங்க, அத்தான் "தூக்கு!" எண்டு கத்தினார். ஒரே இழுவையிலை சம்மட்டிக்குக் கீழை. சின்னச் சுத்தியல் ஒரு தட்டுத்தான் தட்டிச்சுது. நான் மிதிச்சன். பொறி கூரை வரைக்கும் பறந்துது, சிநேகிதன் ஐயோ எண்டு தன்ரை சாரத்தைத் தட்டினான், பிடியை மட்டும் விடேல்லை. தட்டு, குத்து, தட்டு, குத்து. பிரட்டினம். பேந்தும் தட்டு, குத்து. 'டிங்'.

ஒட்டின இடம் எதெண்டு எனக்குத் தெரியேல்லை. ரெண்டு இரும்பு இல்லை, ஒண்டு. மற்றக் கையும் அப்பிடியே. ஆறினாப் பிறகு அத்தான் அதை ஒரு பக்கமாய்த் தூக்கிக் கல்லிலை போட்டார். கோயில் மணிமாதிரி நிண்டு கேட்டுது. பக்கத்து வளவு மனுசன் இந்த முறை துவாய் இல்லாமல், வேட்டியோடை வடிவாய் வந்து பாத்தார்.

லோஞ்சுக்காறர் தடவிப் பாத்தார். "பாக்க நல்லாய்த்தான் கிடக்குது. கடலிலை பாப்பம்" எண்டார். அத்தான் தலையாட்டினார். சுன்னாகத்துக்கு அவர் இன்னும் மறுமொழி சொல்லேல்லை. பதில் கடலுக்குள்ளை கிடந்துது.

திருவிழாவுக்கு நாங்களும் போனம். சோளகம் எண்டால் சோளகம், நிண்டால் சாரம் தலைக்கு மேலை. நயினாதீவு இறங்கு துறையிலை சனம் எறும்புமாதிரி. சனத்தை இறக்கின லோஞ்சுகள் துறையிலை இடமில்லாமல் வெளியாலை போய் நங்கூரம் போட்டு வரிசைக்கு நிண்டுதுகள். அக்கா தேங்காய், பூத்தட்டோடை கோயிலுக்குப் போட்டா. அத்தான் துறையிலையே நிண்டிட்டார். கும்பிடுற கையைக் கட்டிக்கொண்டு, கடலைப் பாத்தபடி.

பத்து மணிக்குப் பிறகு காத்து இன்னும் ஏறிச்சுது. எங்களுக்கு முன்னாலையே ஒரு லோஞ்சு நங்கூரத்தோடை இழுபட்டுப் போய் மணலிலை ஏறிச்சுது. பேந்து இன்னொண்டு, கத்திக் கத்தி மிசினை இழுத்து ஓடினாங்கள். எங்கடை நங்கூரம் போட்ட லோஞ்சு முகத்தைக் காத்துக்குக் குடுத்துக்கொண்டு, கட்டின ஆடுமாதிரி ஒரே இடத்திலை நிண்டு துள்ளிச்சுது. துள்ளிச்சுது, துள்ளிச்சுது, அசையேல்லை. மத்தியானம் வரைக்கும் அத்தான் ஒரு இடத்திலை குந்தேல்லை, தண்ணி குடிக்கேல்லை.

காத்துக் கொஞ்சம் தணிய, மனுசன் கட்டின கையை மெல்ல எடுத்தார்.

"டேய்."

"ஓம் அத்தான்."

"நாளைக்குச் சுன்னாகத்துக்கு ஆள் போனால் சொல்லிவிடு. நான் வரேல்லையாம் எண்டு."

சொல்லிப்போட்டுக் கோயில் பக்கம் நடந்தார். நடக்கேக்கை நிமிந்து நடந்தார், துறையிலை நிண்ட சனம் விலகி வழி விட்டமாதிரி எனக்கு ஒரு நினைப்பு.

நான் துறையின்ரை நுனிக்கு ஓடினன். லோஞ்சின்ரை முன் அணியத்திலை சிநேகிதனும் இன்னும் மூண்டு பேரும் நங்கூரக் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு, காலை உதைச்சு, முகம் சிவக்கச் சிவக்க இழுத்துக்கொண்டு நிண்டாங்கள். நான் ரெண்டு கையையும் வாயிலை வைச்சு, "டேய் மச்சான், எங்கடை நங்கூரம் எப்பிடி?" எண்டு கத்தினன்.

அவன் கயித்தை விடாமல் திரும்பிக் கத்தினான், "இழுக்க ஏலாமல் நாலு பேர் சாகிறம், அடிச்ச நீங்களே வந்து கழட்டுங்கோடா!"